சன்னத்தின் அடிப்பக்கம்

துவக்கைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுத வருகிறவன் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் துவக்கு வைத்திருந்தவனல்ல. ஒருமுறையேனும் சுட்டவனுமல்ல. கிழக்கிலே, வயலும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு கிராமத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவன். 1990இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடத்து ஓகஸ்ட் மாதம் எங்கள் மாகாணத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இரவில் வெடிச்சத்தம் கேட்டால் உம்மா விளக்கை ஊதி அணைத்துவிட்டு எங்களைச் சுவரோரமாகத் தரையில் படுக்க வைப்பா. சத்தத்தைக் கொண்டே எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கணிக்கப் பழகிய பிள்ளைகள் நாங்கள்.

அப்படிப்பட்ட நான் இந்த நாலைந்து வருடமாக விருப்பத்தோடு தேடிப் படிப்பது எதை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒரேயொரு தோட்டாவை மட்டும் போடக்கூடிய பழைய பாணி ரைபிள்களுக்குக் கையாலேயே ஈயச் சன்னம் வார்த்து, அதைக்கொண்டு காகிதத்தில் வரைந்த வட்டத்தைச் சுடுகிற அமெரிக்கர்களைப் பற்றித்தான் படிக்கிறேன்.

இந்த வழியைக் காட்டியவன், ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன். பிற்பாடு குடும்பத்தோடு விஸ்கொன்சின் மாநிலத்துக்குப் போய்விட்டான். அவனுடைய பக்கத்து வீட்டில் ஜெர்மனியப் பரம்பரையில் வந்த ஒரு கிழவர். தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பனிக்காலத்தில் கராஜில் ஓர் அடுப்பை வைத்து ஈயம் உருக்குவார். நண்பன் முதலில் வேடிக்கை பார்க்கப் போனான், பிறகு கரண்டியைப் பிடித்தான். “மச்சான், இவர் செய்யிறது வேட்டையில்ல, சண்டையுமில்ல. நம்மட பௌதிகவியல் ஆய்வுகூடம் இருக்கே, அதுதான் இது. உனக்கு விளங்கும்” என்று எழுதியிருந்தான். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. துவக்கிலே என்ன ஆய்வுகூடம்?

ஆனால் அவன் அனுப்பிய விபரங்களைப் படிக்கப் படிக்க, மறுக்க முடியாமல் போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அமெரிக்காவில் குடியேறியவர்கள் ‘ஷூட்ஸன்’ என்ற கழகங்களை ஊருக்கு ஊர் அமைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கூடி, பாட்டும் சாப்பாடுமாக இருந்து, 200 யார் தூரத்தில் நட்டுவைத்த இலக்கை நின்ற நிலையில் சுடுவார்கள். 200 யார் என்றால் ஏறக்குறைய 183 மீற்றர். பலார்ட், ஸ்டீவன்ஸ், ஜோன் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1885 எல்லாம் இவர்கள் விரும்பிய ரைபிள்கள். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக இறங்கியபோது ஜெர்மனிப் பெயர் கொண்ட எதன் மீதும் சந்தேகம் விழுந்தது. கழகங்கள் பல அதோடு மங்கிப்போயின. பெயருக்காகவே சந்தேகிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று நமக்கும் தெரியும். மிச்சமிருந்த சிலர் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இன்று இத்தாலியிலும் மொன்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்ற சிற்றூரிலும் அந்தப் பழைய ரைபிள்களை அச்சொட்டாகப் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் நெடுந்தூரத்துக்காரர்கள். 1874 செப்டெம்பர் 26ஆம் திகதி நியூயோர்க் லோங் ஐலண்டில் கிறீட்மோர் என்ற திடலில் அயர்லாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த போட்டியின் கதையை என் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆளுக்கொரு பக்கம் ஆறு பேர். 800, 900, 1000 யார் என்று மூன்று தூரம். அயர்லாந்துக்காரர் வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் றிக்பி ரைபிள்களைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கர் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஷார்ப்ஸ், றெமிங்டன் ரைபிள்களைக் கொண்டுவந்தார்கள். அயர்லாந்தின் மில்னர் என்பவர் ஒரு தடவை நட்ட நடுவட்டத்தில் சுட்டார், ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுவட்டம்! நாலு புள்ளி வரவேண்டிய இடத்தில் சைபர் போட்டார்கள். கடைசியில் அமெரிக்கப் பக்கத்தில் கேர்ணல் போடின் ஒருவர்தான் மிச்சம். அவருக்குக் குடிக்கக் கொடுத்த ஜிஞ்சர் பியர்ப் போத்தல் வெடித்துக் கை கிழிந்துவிட்டது. இரத்தம் வடிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுவட்டம். 934க்கு 931 என்று அமெரிக்கர் வென்றார்கள். மில்னருடைய அந்த நாலு புள்ளியும் சேர்ந்திருந்தால் அயர்லாந்துக்கு 935.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரைபிளும் நல்லது, ஆளும் நல்லவர் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சன்னத்தையும் ஒரே இடத்தில் விழ வைப்பது எப்படி? கடையில் வாங்கும் தோட்டாவுக்கு இந்தக் கேள்வியின் பெரும்பகுதியைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். தானே ஈயம் வார்க்கிறவர் அடுப்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தனி ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். தனி ஈயம் மெதுமையானது, வார்ப்பச்சின் மூலைமுடுக்குகளில் சரியாக நிரம்பாது. அதற்கு வெள்ளீயம் சேர்க்க வேண்டும். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு, அல்லது 30க்கு ஒன்று என்பது கருமருந்து பாவிக்கிறவர்களின் வழமையான கலவை. வெள்ளீயம் கூடினால் சன்னம் கடினமாகும். குறைந்தால் குழலுக்குள் நசிந்து கொடுக்கும். அந்த நசிவும் ஓரளவுக்கு வேண்டும்! மருந்து எரிந்து பின்னாலிருந்து உதைக்கும்போது மெதுமையான சன்னம் சற்றே பருத்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களை அடைத்துக்கொள்கிறது. வாயு பக்கத்தால் ஒழுகாது. எவ்வளவு கடினம், எவ்வளவு மெதுமை என்பது ரைபிளுக்கு ரைபிள் வேறுபடும். சூத்திரத்தில் போட்டு விடை காண முடியாது, வார்த்துச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் குழலை அளப்பார்கள். மெதுமையான ஈயத்துண்டொன்றைக் குழலுக்குள் தட்டித் தள்ளி, மறுபக்கத்தால் எடுத்து, நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளக்கிறார்கள். நாம் பாடசாலையில் கம்பியின் விட்டத்தை அளக்கிற அதே கருவி. சன்னம் அந்தப் பள்ளத்து விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். பிறகு வார்ப்பு. அச்சு சூடேறவில்லையென்றால் சன்னத்தின் உடலில் சுருக்கம் விழும். மிஞ்சிச் சூடேறினால் பனி படிந்ததுபோல் மங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில், ஊற்றுவதும் திறப்பதும் தட்டுவதும் ஒரே தாளத்தில் போகவேண்டுமாம். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கிழவருக்குக் கோபம் வரும் என்று நண்பன் எழுதினான்.

வார்த்ததை எல்லாம் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கிறார்கள். அவர்களுடைய அலகு கிரேன். 7000 கிரேன் ஓர் இறாத்தல். 45 ரகத்து ரைபிளுக்கு 500 கிரேன் சன்னம் என்றால் சுமார் 32 கிராம். இதில் ஒன்றிரண்டு கிரேன் குறைந்தால் அதைத் திரும்பச் சட்டிக்குள் போட்டுவிடுவார்கள். ஏன்? குறைந்த நிறை எங்கோ உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருக்கிறது என்று சொல்கிறது. குமிழ் இருந்தால் ஈர்வை மையம் அச்சிலிருந்து விலகும். அந்த ரைபிள்களில் சுருள் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சன்னம் விநாடிக்கு 1300 அடி போகிறதென்றால் விநாடிக்கு 866 சுற்றுச் சுற்றுகிறது. இந்தக் கணக்கை நீங்களும் ஒரு கடதாசியில் போட்டுப் பார்க்கலாம். ஆணி ஒரு பக்கம் சாய்ந்த பம்பரத்தை அந்த வேகத்தில் சுற்றவிட்டால் என்ன ஆகும்? குழலுக்குள் இருக்கும்வரை சுவர் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே வந்ததும் தன் விருப்பத்துக்குப் போகிறது. 1000 யார் தூரத்தை அடைய மூன்று விநாடிக்கு மேல் எடுக்கிற பயணத்தில் அந்தச் சிறு விலகல் பெரிதாகிவிடும்.

மருந்தைக் கூட்டில் நேரே கொட்டுவதில்லை. இரண்டடி நீளமான ஒரு மெல்லிய குழாயினூடாக மெல்லமெல்ல விழவிடுகிறார்கள், அப்போதுதான் மணிகள் நெருங்கிப் படியும். அதற்குமேல் ஒரு வட்ட அட்டை. கருமருந்து எரிந்தால் கரி மிஞ்சும், அது காய்ந்து இறுகினால் அடுத்த சன்னம் கெட்டுப்போகும். அதனால் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து சன்னத்தின் பள்ளங்களில் பூசுகிறார்கள். அது போதாதென்று, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ரைபிளின் பின்பக்கத்தில் ஓர் ஊதுகுழலைச் செருகி வாயால் ஊதுகிறார்கள். மூச்சின் ஈரம் கரியை இளக்குமாம். எத்தனை மூச்சு என்றும் கணக்கு இருக்கிறது. ஒருவர் நாலு, ஒருவர் ஆறு. காற்று வரண்ட நாளில் கூட. ரைபிளுக்கு மூச்சுக் கொடுக்கிற மனிதனின் படத்தை நண்பன் அனுப்பியிருந்தான். அதை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை மாறிகள். கலவை, விட்டம், நிறை, மருந்தின் அளவு, அட்டையின் தடிப்பு, மெழுகு, மூச்சு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றவேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கவேண்டும் என்பது கிழவர் நண்பனுக்குச் சொன்ன முதல் பாடம். இரண்டாவது, மூன்று வெடியைப் பார்த்துச் சந்தோசப்படாதே என்பது. மூன்று துளை ஒட்டி விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்து விழட்டும், அதையும் இன்னொரு நாள் திரும்பச் செய்து பார். தவணைப் பரீட்சையில் ஒரு பாடத்து மார்க்கைப் பார்த்துப் பிள்ளையைக் கெட்டிக்காரன், மொக்கன் என்று முத்திரை குத்துகிற நம் ஆசிரியர் அறைகளில் இதை எழுதித் தொங்கவிடலாம்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்து வைத்தது பிராங்ளின் மான் என்ற மனிதர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்போர்ட் என்ற ஊர்க்காரர். படித்தது வைத்தியம். பணம் சம்பாதித்தது கோழித் தீனுக்கு எலும்பு அரைக்கும் இயந்திரம் செய்து. ஆனால் வாழ்நாளைச் செலவழித்தது ஒரு கேள்விக்கு: நல்ல ரைபிளை அசையாமல் கட்டிவைத்துச் சுட்டாலும் சன்னங்கள் ஏன் ஒரே துளையால் போவதில்லை? கொங்கிறீட்டால் ஒரு மேடை கட்டி, அதில் குழலைப் பதித்து, நூறு யார் பாதையில் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். திரைகளிலுள்ள துளைகளைப் பார்த்தால் சன்னம் எங்கே சாய்ந்தது, எங்கே நேரானது என்று தெரியும். 1909இல் அதையெல்லாம் புத்தகமாக்கினார். நண்பன் அதன் பிரதியை அச்சடித்து அனுப்பியிருந்தான். எனது ஆங்கிலத்துக்கு அகராதியும் கையுமாகத்தான் வாசிக்க முடிந்தது.

மான் செய்த ஒரு பரிசோதனை இது. சன்னங்களை வேண்டுமென்றே ஊனப்படுத்தினார். சிலவற்றின் மூக்கை வெட்டினார், நசித்தார். சிலவற்றின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு மூலையைச் செதுக்கினார். நீங்களும் நானும் என்ன நினைப்போம்? காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவது மூக்கு, ஆகவே மூக்கு பழுதானால்தான் குறி தவறும் என்று. நடந்தது நேர்மாறு. மூக்கு ஊனமானவை பெரும்பாலும் தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அடி பழுதானவைதான் தாறுமாறாகச் சிதறின.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பக்கம். அது வட்டமாகவும் குழலுக்குச் செங்குத்தாகவும் இருந்தால் பின்னாலுள்ள வாயு சுற்றிலும் ஒரே கணத்தில் விடுபடும். ஒரு மூலை குறைந்திருந்தால் அந்தப் பக்கத்தால் வாயு முந்திப் பீறிடும், சன்னம் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு புறப்படும். நிறையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தொழிலின் பல விசித்திரங்கள் அர்த்தமாகத் தொடங்கின. பெரும்பாலான வார்ப்பச்சுகளில் ஈயத்தை அடிப்பக்கத்தால் ஊற்றி, மிஞ்சிய கட்டியை ஒரு தகட்டால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய தழும்பு அடியில் இருக்கும். போட்டிக்காரர் சிலர் இதற்காகவே மூக்குப்பக்கத்தால் ஊற்றுகிற அச்சுச் செய்விக்கிறார்கள். தழும்பு மூக்கில் இருந்துவிட்டுப் போகட்டும். மானுக்குக் குழல்கள் செய்துகொடுத்த ஹரி போப் இன்னும் ஒருபடி போனார். மருந்துக் கூட்டைப் பின்னாலும், சன்னத்தை மட்டும் தனியாக வாய்ப்பக்கத்தாலும் போடும் முறையைக் கையாண்டார். வாய்ப்பக்கத்தால் அடி முந்தித் தள்ளும்போது, சுருள் உரசிப் பிதுங்கும் ஈயப் பிசிறு மூக்கை நோக்கி இழுபடும். அடி சுத்தமாக இருக்கும். இந்த மனிதர் 1906இல் சன்பிரான்சிஸ்கோவுக்குப் போய்த் தொழிலைத் தொடங்க, அந்த வருடத்துப் பூமியதிர்ச்சி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. திரும்ப வந்து ஜேர்சி நகரத்தில் ஒரு மாடியறையில் தள்ளாத வயதுவரை குழல் வெட்டினார். 1950இல் இறந்தார்.

மானின் பரிசோதனையைத் தரம் 10 வகுப்பில் ஈர்வை மையம் படிப்பித்தபோது சொன்னேன். சுருக்கம் விழுந்த ஒன்றும் ஒழுங்கான ஒன்றுமாக இரண்டு சன்னங்களின் படத்தையும் காட்டினேன். ‘மாறிகளைக் கட்டுப்படுத்தல்’ என்று பாடப்புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்கிறதைப் பிள்ளைகள் அன்றுதான் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

மறுநாள் பாடசாலை விடுகிற நேரம் ஒரு தகப்பன் வந்தார். கடற்தொழில் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தம்பியை வயலுக்குப் போன இடத்தில் சுட்டுப்போட்டார்கள். அது நடந்து முப்பது வருடத்துக்கு மேல். எனக்கு அது தெரியும்.

“சேர், புள்ளையளுக்குத் துவக்குப் பாடமா படிப்பிக்கிறீங்க?”

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். நான் கதிரையைக் காட்டினேன், அவர் இருக்கவில்லை. இது ஆளைச் சுடுகிற கதையல்ல, காகிதத்தைச் சுடுகிற கதை என்றேன். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வைத்தியர் செய்த பரிசோதனை என்றேன். மேசையில் கிடந்த படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது அச்சு சூடாகல்ல” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“ஈயந்தானே சேர்? பச்ச அச்சில ஊத்தினா இப்பிடித்தான் சுருங்கும். முதல் வாக்கை எப்பவும் திருப்பிச் சட்டிக்குள்ளதான் போடணும்.”

வீச்சுவலைக்கு ஈயம் வார்ப்பது அவருடைய வீட்டில் பரம்பரை வேலை. முற்றத்தில் சிரட்டை நெருப்பு, இரும்புச் சட்டி, மண்ணில் செய்த அச்சு. மணிக்கு மணி நிறை வித்தியாசப்பட்டால் வலை வட்டமாக விரிந்து விழாது, ஒரு பக்கம் முந்தித் தாழும் என்று சொன்னார். மானும் கிழவரும் சொன்ன அதே சங்கதி. நான் அதைச் சொல்ல, அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

“காகிதத்துக்குச் சுடுறதா இருந்தாலும் துவக்கு துவக்குத்தான் சேர்” என்றார் பிறகு. “அதுக்குக் குறி பழகிற ஆள் நல்லவன் எண்டு நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க?”

“சொல்ல ஏலாது காக்கா.”

உண்மையில் சொல்ல முடியாதுதான். கிறீட்மோர் திடலை அமைத்தவர்களின் நோக்கமே சிப்பாய்களைக் குறி பழக்குவதுதான் என்று அவரிடமும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். விளையாட்டு என்று பெயர் வைத்ததால் துவக்கின் பிறப்பு மாறிவிடாது. நண்பன் இதை ஏற்றுக்கொள்ளமாட்டான். கத்தியைக் கொண்டு கறிக்கும் வெட்டலாம் என்பான். அந்தத் தர்க்கம் எனக்குப் பழசாகிப்போனது. கத்தி எங்கள் வீட்டுக் கதவை இரவில் தட்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கு முந்திய நாள் அந்த மகன் ஒரு சீனிப் பையில் வலை ஈயமணிகள் கொண்டுவந்தான். “வாப்பா தந்த சேர், இதை நிறுக்கச் சொன்னார்.” ஆய்வுகூடத் தராசில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். நிறைப்படி வரிசைப்படுத்தி, பரம்பல் வரைபு கீறினார்கள். நிறை குறைந்த சிலதை வாளால் அறுத்துப் பார்த்தபோது இரண்டில் கண்ணால் காணக்கூடிய பொந்து இருந்தது. பையன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தா. ஈயம் நஞ்சு என்பதால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிய பிறகுதான் ஒருவரையும் வீட்டுக்கு விட்டேன். துவக்கு என்ற சொல் அந்தப் பாடத்தில் வரவில்லை. வராமலே பாடம் நடந்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏதோ ஒன்றை ஒளித்ததுபோலவும் இருந்தது.

அந்த மணிகளில் சில எனக்குத் தெரிந்த ஈயமாக இருக்கக்கூடும். எங்கள் சாச்சா பட்டணத்து அச்சகமொன்றில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். கணினி வந்தபோது அச்சகம் எழுத்துப் பெட்டிகளைக் கிலோக் கணக்கில் விற்றது. வாங்கியவர்களில் பாதிப்பேர் கடற்தொழிலாளர்கள். எத்தனையோ கவிதைகளைக் கோத்த ககரமும் மகரமும் வலையோடு கடலில் போய்க் கிடக்கின்றன. சாச்சா இதைச் சொல்லும்போது வருத்தப்பட்டதில்லை. “எழுத்து ஈயத்தில அந்திமனி கூட, வலைக்குக் கொஞ்சம் கடினந்தான்” என்பார்.

விஸ்கொன்சினிலும் இதே கதைதான். சன்னம் வார்க்கிறவர்கள் அங்கே அலைந்து தேடுவது பழைய லைனோடைப் அச்சகங்களின் ஈயத்தைத்தான். 1886இல் நியூயோர்க்கில் முதன்முதலாக ஒரு பத்திரிகையில் ஓடத் தொடங்கிய அந்த இயந்திரம் எழுத்து எழுத்தாகக் கோக்காமல் வரி வரியாக வார்த்துத் தள்ளும். நூற்றுக்கு 84 ஈயம், 12 அந்திமனி, 4 வெள்ளீயம். 240 பாகையளவிலேயே உருகிவிடும், வார்ப்பச்சின் நுணுக்கமெல்லாம் துல்லியமாக விழும். தனியாகப் பாவித்தால் கருமருந்துக்கு மிகக் கடினம். குழலுக்குள் பருக்காது. மெதுமையான ஈயத்தோடு கலந்து பார்க்க வேண்டும், எவ்வளவு என்பதுதான் நண்பனுடைய இந்தப் பனிக்காலத்துக் கேள்வி.

மூடிப்போன ஒரு நகரத்துப் பத்திரிகையின் அச்சு ஈயம் கிழவருக்கு ஒரு வாளி கிடைத்திருக்கிறது. சட்டியில் போட்டபோது ஒரு வரி உருகாமல் சற்று நேரம் மேலே மிதந்ததாம். நண்பன் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். எழுத்துக்கள் இடம்வலம் மாறி இருந்தன. கண்ணாடிக்கு முன்னால் பிடித்து வாசித்தேன். ஒரு உழவு இயந்திரம் விற்பனைக்கு, நல்ல நிலையில், என்று இருந்தது. விலை அடுத்த வரியில் இருந்திருக்க வேண்டும், அது உருகிவிட்டது.

அந்தக் கலவையில் மூக்குப்பக்கத்தால் ஊற்றி ஐம்பது சன்னம் வார்த்திருக்கிறார்கள். நிறுத்துப் பார்த்து ஒன்பதைத் திரும்பச் சட்டிக்குள் போட்டாயிற்று. மிச்சம் நாற்பத்தொன்றும் அடி கீழே படும்படி ஒரு மரப்பலகைத் துளைகளில் நிற்கின்றன. சுட்டுப் பார்ப்பதற்குப் பனி உருக வேண்டும்.